பிள்ளையின் பகல் தூக்கத்தைப் பறிக்காதீர்கள்

கைக்குழந்தையோடு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வருகிற தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் மருந்து ஒன்று உண்டு. "ஐயா, புள்ள தூங்குறதுக்கு ஏதாச்சும் குடுங்க" என்பார்கள். கொடுக்க மாட்டேன் என்றால் முகம் வாடிப்போகும். சிலருக்குக் கோபமும் வருகிறது. ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து விளக்க நேரம் போதாததால் இந்த மாதம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். "பகல்ல தூங்கவிட்டா ராத்திரி முழிச்சுக்கிட்டு உசுர வாங்கும்" என்று சொல்லி, கண் சொருகுகிற பிள்ளையை உலுக்கி எழுப்பி வேடிக்கை காட்டுகிறார்கள். நாலரை மணிக்கு எழுந்து, சோறாக்கி வைத்துவிட்டுப் பிரட்டுக்கு ஓட வேண்டிய பெண்ணுக்கு ராத்திரித் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். அவர் அப்படி நினைப்பதில் குற்றமில்லை. ஆனால் கணக்குத்தான் தலைகீழாகப் போகிறது. நமக்கு உடம்பு அலுத்துப்போனால் படுத்ததும் கண் அசந்துவிடும். கைக்குழந்தையோ அளவுக்கு மேல் அலுத்துப்போனால் தூங்கத் தெரியாமல் தவிக்கும். உடம்பை விறைத்துக்கொண்டு, காலை உதைத்து, மார்பில் வைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு உதறி அழும். ஒருவழியாகத் தூங்கினாலும் அரை மணியில் விழித்துக்கொள்ளும். பகலில் நன்றாகத் தூங்கிய பிள்ளைதான் பெரும்பாலும் ராத்திரியிலும் லேசாகத் தூங்கிப்போகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் கொடுத்த அளவுப்படி, மூன்று மாதம் வரை உள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் வேண்டும். நாலு மாதம் முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம். பகல் தூக்கமும் இதில் சேர்ந்ததுதான். ராத்திரி பத்து மணி நேரம் தூங்குகிற ஐந்து மாதப் பிள்ளைக்கும் பகலில் இன்னும் மூன்று நான்கு மணி நேரம் தூக்கம் பாக்கி நிற்கிறது. அதை ஒரே மூச்சில் தூங்காது, இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துத்தான் தூங்கும். மூன்று நாலு மாதத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் விழித்திருந்தால் களைத்துவிடும். ஆறு மாதத்தில் இரண்டு மணி, இரண்டரை மணி தாங்கும். பிள்ளைக்குப் பிள்ளை கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்.

இப்போது தோட்டத்து வாழ்க்கையை இதோடு வைத்துப் பாருங்கள். தூங்குகிற பிள்ளையைக் காலை ஐந்தேகாலுக்குத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கோ பக்கத்து வீட்டுப் பாட்டியிடமோ விடுகிறோம். குளிர்காற்று பட்டதும் அது முழித்துக்கொள்கிறது. அப்படியானால் ஏழு மணிக்கெல்லாம் முதல் தூக்கத்துக்கு நேரம் வந்துவிடும். அந்த நேரத்தில்தான் மற்றப் பிள்ளைகள் பசியாறிக்கொண்டு, கத்திக்கொண்டு, ஆயாவை இழுத்துக்கொண்டு இருக்கும். கைக்குழந்தை சத்தம் போடாமல் கிடக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். அது கொட்டாவி விடும், கண்ணைக் கசக்கும், காதைப் பிடித்து இழுக்கும், புருவத்து ஓரம் சிவக்கும், நாம் சிரித்துக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்கேயோ வெறித்துப் பார்க்கும். "எனக்கு அலுப்பா இருக்கு" என்று அது சொல்லும் பாஷை இதுதான். அப்போதே தூக்கித் தட்டினால் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடும். அரை மணி நேரம் தாண்டிவிட்டால் வீறிடும்.

வீறிட்ட பிறகு நடப்பது எல்லாருக்கும் தெரியும். பசி என்று பாட்டில் பாலைத் திணிப்பார்கள். துப்பிவிட்டால் வயிற்றில் வாயு என்று கிரைப் வாட்டர். அதற்கும் அடங்காவிட்டால் கண்ணுபட்டுருச்சு என்று உப்பு மிளகாய். சுற்றிப் போடுவதை நான் தடுப்பதில்லை. மிளகாய்ப் புகை பிள்ளை மூக்கில் ஏறாதவரை கெடுதல் இல்லை. சுற்றிப் போட்டதும் பிள்ளை தூங்கிவிடுவதும் பல வீடுகளில் உண்மைதான். பாட்டி கூட்டத்தை விலக்கி, விளக்கை அணைத்து, பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டுகிறார் அல்லவா, பலன் அதில் இருக்கிறது. அதை ஒரு மணி நேரம் முன்னாலேயே செய்திருக்கலாம் என்பதுதான் என் வாதம்.

நான் பயப்படுவது இதற்கடுத்த கட்டத்துக்குத்தான். வீட்டில் மிச்சமிருக்கும் இருமல் மருந்தில் கால் கரண்டி, "சளிக்கும் ஆச்சு, தூக்கத்துக்கும் ஆச்சு" என்று கொடுத்துவிடுகிறார்கள். தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்துகள் பலவற்றில் புரோமெத்தசின் போன்ற சரக்கு இருக்கிறது. அதை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. பிள்ளையின் மூச்சு குறைந்துகொண்டே போகும். பார்ப்பவர்களுக்கு அது நல்ல தூக்கமாகவே தெரியும். கசகசாவை அரைத்துப் பாலில் கலக்கிக் கொடுக்கும் பழக்கமும் அப்படித்தான். கசகசா அபினிச் செடியின் விதை. விதையின் மேல் ஒட்டியிருக்கும் பாலில் அபினிச் சத்து உண்டு. நம் பாட்டிமார் கொடுத்தார்கள் என்பது உண்மை. கொடுத்த பிள்ளைகள் எல்லாம் பிழைத்ததா என்று யார் கணக்கு வைத்திருந்தார்கள்? ஆறு மாதம் வரை பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து வேறு விஷயம். தேன் ஒரு வயது வரை கூடாது.

ஏணையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏணை கட்டித் தூங்கவைக்கும் தாயைத் திட்ட எனக்கு மனமில்லை; நானும் அதில் தூங்கி வளர்ந்தவன்தான். ஆனால் துணி மூக்கை மூடக்கூடாது, தாடை நெஞ்சில் மடிந்து அமுங்கக்கூடாது. அசந்ததும் தூக்கி, கெட்டியான பாயில் தலையணை இல்லாமல் மல்லாக்கப் போடுங்கள். குப்புறப் போட்டால் சீக்கிரம் தூங்கும் என்பார்கள், கேட்காதீர்கள். பிரிட்டனில் 1991ல் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று நாடு முழுக்கச் சொல்ல ஆரம்பித்தார்கள். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது.

தாய்மார்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குக் காசு தேவையில்லை. காலையில் பிள்ளையை ஆயாவிடம் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்: "ஆயாம்மா, அஞ்சு மணிக்கே முழிச்சிருச்சு, கடைசியா பால் குடிச்சது நாலரைக்கு." இவ்வளவு போதும். எப்போது தட்ட வேண்டும், எப்போது பால் கொடுக்க வேண்டும் என்று ஆயாவே கணக்குப் போட்டுக்கொள்வார். மத்தியானம் திரும்ப வாங்கும்போது "எத்தனை தரம் தூங்குச்சு?" என்று நீங்கள் கேளுங்கள். மருந்தடிக்கவும் உரம் போடவும் போகிறவர்கள் குளித்து உடுப்பு மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். அழுகையைக் கேட்டால் மனசு தாங்காது, இருந்தாலும் அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பாட்டி பார்த்துக்கொள்ளட்டும்.

1.1.2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். அதற்கு முன் 60 நாள்தான். மூன்று மாதத்தைத் தொடும்போதுதான் பிள்ளைக்குப் பகல் எது, ராத்திரி எது என்று பிடிபட ஆரம்பிக்கிறது. ஆகவே விடுப்பின் கடைசி இரண்டு வாரத்தை வீணாக்காமல், பகலில் வெளிச்சத்தில் வைத்து விளையாட்டுக் காட்டுங்கள். ராத்திரிப் பாலை மங்கிய வெளிச்சத்தில், பேச்சுக் கொடுக்காமல் கொடுங்கள். காலைத் தூக்கத்தை ஏழு மணிக்குப் பழக்குங்கள். சாயங்கால அழுகையைத் தகப்பன்மார் ஏற்றுக்கொள்ளலாம். தோளில் போட்டு லயத்தைச் சுற்றி நடக்க ஆண்பிள்ளைக்கு வெட்கம் எதற்கு?

அலுப்புக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். அலுத்த பிள்ளை தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும், பால் குடிக்கும். எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தால், பாலை மறுத்தால், மூத்திரம் குறைந்தால், மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் இருந்தாலே போதும், நடுராத்திரியானாலும் காத்திருக்காதீர்கள்.

கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நடக்கிற பிள்ளைகளும் கைக்குழந்தைகளும் ஒரே தகரக் கூரையின் கீழ், ஒரே ஆயாவின் கையில் இருந்தால் நான் மேலே எழுதியது எதுவும் நடக்காது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொழிலாளர் வீடுகளோடு குழந்தைக் காப்பகத்தைப் பற்றியும் பேசுகிறது. நிர்வாகியைப் பார்க்கப் போகும்போது சம்பளம், வீடு, தண்ணீர் என்று எழுதும் மனுவில் இன்னும் மூன்று வரி சேருங்கள்: கைக்குழந்தைகளுக்குத் தனியாக ஒரு தடுப்பு, ஒரு காற்றாடி, காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரைக்காவது இரண்டாவது ஆயா.