கூரைக்கு வெளியே ஒரு நாற்காலி

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ காட்டேஜ் வாடகைக்கு விடுபவர்கள், புகைபிடிக்கும் விருந்தினரிடம் பிறகு சண்டை போடுவதைவிட, முன்பதிவின்போதே விதியைச் சொல்லிவிடுவது நல்லது: அறைக்குள் புகை கூடாது, வெளியே அதற்கென்று ஓரிடம் உண்டு. மலைக்குளிரில் சன்னல்கள் பெரும்பாலும் சாத்தியே கிடக்கின்றன. கம்பளியும் திரைச்சீலையும் மெத்தையும் புகையை உறிஞ்சிக்கொள்கின்றன. நறுமணத் தெளிப்பான் வாடையை மறைக்குமே தவிர நிகோடினை அகற்றாது. இப்படிப் படியும் நிகோடின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்துடன் வினைபுரிந்து புற்றுநோய்க் காரணிகளை உண்டாக்குவதை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் 2010இல் காட்டினர். முந்தைய விருந்தினர் ஊதியதன் மிச்சத்தை அடுத்து வரும் குடும்பத்தின் தவழும் குழந்தை தொடுகிறது.

காசு கொடுத்தவரின் உரிமை அல்லவா என்று கேட்கலாம். வாடகை இரண்டு இரவுக்குத்தான். படிவு அதற்குப் பிறகும் இருக்கும். சன்னலைத் திறந்தால் போதாதா என்றால், காற்றோட்டம் பிறர் புகையின் பாதிப்பை முற்றாக நீக்காது என்கிறது அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006 அறிக்கை. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டமும், தங்கும் விடுதிகளில் குறைந்தது 30 அறைகள் உள்ளவற்றுக்கே புகைபிடிக்கத் தனியிடம் ஒதுக்கும் சலுகையைத் தருகிறது. விருந்தோம்பல் கெடுமே என்ற கவலைக்கும் வழி உண்டு. மழை படாத மறைப்பு, நாற்காலி, மணல் நிரப்பிய சட்டி ஆகியவற்றை வெளியே வைத்தால் போதும். தடையை மட்டும் எழுதி ஒட்டினால் புகை குளியலறைக்குப் போகும். அணையாத துண்டு, கோடையில் காய்ந்த புல்லில் விழும்.