அமிர்தியில் எது மூலதனம்?

பட்ஜெட் காலம் வந்தால் தவறாமல் ஒலிக்கும் வாதம் ஒன்று உண்டு. அணை, சாலை, கட்டடம் என்று மூலதனச் செலவு செய்தால் ஊர் வளரும். சம்பளம், மானியம், நூறு நாள் வேலை என்று போகும் வருவாய்ச் செலவு கரைந்துவிடும். வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி, ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் அமிர்திப் பக்கம் வந்தால் இந்தக் கணக்கு இடிக்கிறது.

கரைந்துவிடும் என்பதையே முதலில் பார்க்கலாம். இந்த மலையில் பிறக்கும் நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. 2014 முதல் கணியம்பாடி வட்டாரத்தில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் ஓடைகளில் கல் அடுக்கித் தடுப்பணை கட்டினார்கள். மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் மீள்நிரப்புக் கிணறுகளைத் தோண்டினார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் ‘மனதின் குரல்’ உரையிலும் நாகநதி இடம்பெற்றது. ஆனால், இதற்காக டெல்லி தந்த பணம் மத்திய பட்ஜெட்டில் வருவாய்ச் செலவு! மண்ணில் நிற்பது கிணறு, ஏட்டில் நிற்பது கூலி. இந்த முரண் டெல்லிக்கும் தெரியும். நிதிப் பொறுப்புச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தம், சொத்து உருவாக்கத் தரும் மானியங்களைத் தனியே பிரித்து, வருவாய்ப் பற்றாக்குறையிலிருந்து கழித்துக் காட்ட வழிசெய்தது.

ஆற்றில் நீர் வந்த பெருமை முழுவதும் கிணறுகளுக்கே சேராது. 2015-லும் 2021-லும் மழையும் கொட்டியது. பெயருக்கு மண்ணைக் கீறிவிட்டு முடிந்த நூறு நாள் வேலைகளும் உண்டு. அது வேலையை வாங்கியவர்களின் குறை.

மூலதனம் என்றாலே வளர்ச்சியா? சாந்தயனன் தேவராஜன் உள்ளிட்ட மூன்று பொருளாதார அறிஞர்கள் 43 வளரும் நாடுகளின் இருபதாண்டுக் கணக்குகளை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. சம்பளம், மானியம் போன்ற நடைமுறைச் செலவின் பங்கு கூடிய இடங்களில் வளர்ச்சியும் கூடியிருந்தது. மூலதனச் செலவின் பங்கு கூடிய இடங்களில் குறைந்திருந்தது. நல்ல செலவும் அளவு மீறினால் பயன் தராது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

கட்டியதை நடத்தவும் செலவு வேண்டும். அமிர்தி உயிரியல் பூங்காவைத் திறந்தது 1967-ல். வேலி போட்டது ஒருமுறைதான்; மானுக்குத் தீனியும் காவலருக்குச் சம்பளமும் அன்றாடம் வேண்டும். அவை நின்றால் வெளியூர்க் கூட்டம் எதைப் பார்க்க வரும்?

‘மலைக்குச் சாலை போட்டால் போதும்’ என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இந்திய மாநிலங்களின் ஊரகச் செலவை ஆராய்ந்த ஃபேன், ஹேசல், தோரட் மூவரும் வறுமையைக் குறைப்பதில் சாலைக்கே முதலிடம் தந்தார்கள். விளைச்சல் திறனைக் கூட்டுவதில் முதலிடம் வேளாண் ஆராய்ச்சிக்கு. ஆராய்ச்சிச் செலவில் பெரும்பகுதி விஞ்ஞானிகளின் சம்பளம்தானே! திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மையம் ஏ.டி.எல் 1 என்ற சாமை ரகத்தைத் தந்தது. சாமையோ ஜவ்வாது மலையின் பழம்பயிர். அந்த விதைமூட்டை மலையேறுவதற்குத்தான் சாலை.