நான்கு நாற்காலி போதும்

சினிமா இசைக் கச்சேரி என்றால் தமிழ்நாட்டில் அது பாடகர்களின் கச்சேரி. எல்இடி திரை, புகை, கூட்டத்தை நோக்கி நீட்டப்படும் மைக். பின்னால் வயலின்காரர்கள் உட்கார்ந்திருப்பது தெரியும், வாசிப்பது கேட்காது. ‘மௌன ராகம்’ பின்னணி இசையை ரிங்டோனாக வைத்த தலைமுறை நாம். அதை நேரில் வாசித்துக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

சென்னையில் ஒரு சின்ன அரங்கில் நால்வர் கச்சேரி கேட்டேன். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. எல்லாம் படப் பின்னணி இசை. முதல் வயலின் மெட்டைக் கொண்டுபோக, அதற்கு எதிராக வயோலா இன்னொரு மெட்டை நகர்த்தியது. போன் ஸ்பீக்கரில் இத்தனை வருஷம் அது காதில் விழுந்ததே இல்லை.

“படம் இல்லாம பின்னணி இசை நிக்காது” என்பார்கள். நின்றது. 1981-இல் ‘ராஜ பார்வை’யில் கமல் பார்வையற்ற வயலின் கலைஞர், உண்மையில் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். 1986-இல் அவரது வயலினை முன்னால் வைத்து இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ செய்தபோது படமே கிடையாது. பிறகு அதே நரசிம்மன் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டில் கர்நாடகக் கீர்த்தனைகளை நால்வர் வாசிப்பாக்கினார். ஆளும் இருக்கிறது, வித்தையும் இருக்கிறது.

“கிராமத்துல இதை யாரு கேப்பாங்க?” இந்தக் கேள்விதான் எரிச்சல். எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் சாமி புறப்பாட்டில் நாதஸ்வரம், தவில், தாளம். ஒரு வார்த்தை பாடப்படாத இசையை நடந்துகொண்டே மணிக்கணக்கில் கேட்ட சனம் இது. கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் சினிமா மெட்டை எடுத்தால் முன்வரிசைத் தாத்தா படத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். எங்களுக்கு ரசனை வகுப்பு வேண்டாம். கச்சேரி முடிந்து கடைசி பஸ்ஸுக்கு ஓடாமல் கேட்க ஓர் இடம் வேண்டும்.

2025 மார்ச் 8-இல் லண்டனில் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியது. பெருமைதான். ஆனால் சிம்பொனிக்குப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும். குவார்டெட்டுக்கு நான்கு நாற்காலி போதும். முகூர்த்தமில்லாத நாளில் கல்யாண மண்டபம் சும்மாதானே கிடக்கிறது?

இசை உரிமை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பின்னணி இசையின் குறிப்புகளை அச்சிடுங்கள். என் தொழிலில், சோர்ஸ் கோடு தொலைந்த மென்பொருளை யாராலும் திருத்தி வளர்க்க முடியாது, ஓடும்வரை ஓடும். இசைக் குறிப்பு இல்லாத இசையும் ஒலிநாடாவில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் இன்று வயலின் பழகும் ஒரு பிள்ளை அதை எதை வைத்து வாசிப்பாள்?