மேசைப்பந்தின் முதற்பாடம்



கோடை விடுமுறை தொடங்கியதும் பங்கு மன்றங்களில் மேசைப்பந்துப் பலகையைச் சுற்றிச் சிறுவர் சிறுமியர் கூடி நிற்பதைக் காண்கிறோம். முதல் வாரத்தில் ஆரவாரம் மிகுந்திருக்கும். மூன்றாம் வாரத்திலோ கைதேர்ந்த இருவர் மட்டுமே ஆடிக்கொண்டிருப்பர். ஏனையோர் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்புவர். அவர்களுக்குத் திறமையில்லை என்று நாமும் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மை அதுவன்று. பந்தைத் திருப்பி அனுப்பக் கற்குமுன்னே ஓங்கி அடிக்க முற்பட்டதே அவர்கள் சோர்ந்துபோனதற்குக் காரணம்.

இவ்வாட்டத்திற்குரிய மேசை 9 அடி நீளமும் 5 அடி அகலமும் இரண்டரை அடி உயரமும் உடையது. நடுவிலுள்ள வலையின் உயரம் ஏறத்தாழ 6 அங்குலம். பந்தின் எடையோ 2.7 கிராம் மட்டுமே. இத்துணை இலேசான பந்துக்கு வலிமை மிகுந்த தோள் தேவையில்லை. கூர்ந்த கண்ணும் அமைதியான கையுமே தேவை.

மட்டையைப் பிடிக்கும் முறை எளிது. ஒருவரோடு கைகுலுக்குவதுபோல் கைப்பிடியைப் பற்றி, சுட்டுவிரலை மட்டையின் அடியோரமாக நீட்டி வைத்தால் போதும். இறுகப் பிடித்தலாகாது, இறுகிய கை பந்தின் போக்கை உணராது. கால்களைத் தோளகலத்திற்குச் சற்று மிகுதியாக விரித்து, முழங்கால்களைச் சிறிது மடக்கி, உடலின் பாரம் முன்பாதத்தில் இருக்குமாறு நிற்கவேண்டும். மட்டை எப்பொழுதும் உடலுக்கு முன்னே, மேசைக்கு மேலே இருக்கட்டும்.

முதலில் தனியே நின்று, மட்டையின்மேல் பந்தைத் தொடர்ந்து துள்ளவைத்துப் பழகுக. பின்னர் இருவராக நின்று, வெற்றி தோல்வி கருதாமல், பந்து எத்தனை முறை வலையைத் தாண்டுகிறது என்று இருவரும் சேர்ந்தே எண்ணுக. 20 வரை எட்டியபின் 50 வரை முயல்க. முன்கை வீச்சு, புறங்கை வீச்சு ஆகிய இரண்டையும் இவ்வாறே பயிலலாம். எதிரே நிற்பவர் எடுக்கத்தக்க பந்தை அனுப்ப அறிந்தவரே, பின்னர் அவர் எடுக்கவியலாத பந்தையும் அனுப்ப வல்லவராவார். பந்தை வேண்டிய இடத்தில் விழச்செய்யும் ஆற்றலே இரண்டிற்கும் அடிப்படை.

ஆட்டத்தின் விதிகளும் எதிராளியைப் பேணுவனவாகவே அமைந்திருத்தல் கருதத்தக்கது. சர்வீஸ் போடுபவர் விரித்த உள்ளங்கையில் பந்தை வைத்துக் காட்டி, குறைந்தது 16 சென்டிமீட்டர் உயரம் நேராக மேலே எறிந்து, அது கீழிறங்கும்பொழுது மேசையின் பின்கோட்டிற்கு அப்பாலிருந்து அடித்தல் வேண்டும். பந்து முதலில் தம் பக்கத்திலும், பின் எதிர்ப்பக்கத்திலும் துள்ளவேண்டும். கையாலோ உடலாலோ பந்தை மறைத்தல் கூடாது. ஏனெனில், எதிரே நிற்பவர் அதனைக் காண உரிமையுடையவர். இருவருக்கு இருவராக ஆடும்பொழுது, ஒரே அணியினர் மாறிமாறியே அடிக்கவேண்டும் என்பது விதி. ஆகவே வல்லவர் ஒருவர் எல்லாப் பந்தையும் தாமே அடித்துத் தம் தோழரை ஒதுக்கிவிட இயலாது. அண்ணனும் சிறு தங்கையும் ஓரணியாக ஆடுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எது?

முன்னர் ஓர் ஆட்டத்திற்கு 21 புள்ளிகள் இருந்தன; 2001 முதல் 11 புள்ளிகளே. இரண்டிரண்டு புள்ளிகளுக்கு ஒருமுறை சர்வீஸ் மாறும். இருவரும் 10 புள்ளிகள் பெற்றுவிட்டால், ஒவ்வொரு புள்ளிக்கும் சர்வீஸ் மாறும்; இரண்டு புள்ளி முந்துபவரே வெல்வார்.

இன்னுமொன்று. பந்து மேசையின் மேல்விளிம்பைத் தொட்டால் அது செல்லும். பக்கவாட்டில் பட்டால் செல்லாது. நடுவரில்லாத நம் மன்றங்களில் அவ்வேறுபாட்டை அருகில் நின்று காண்பவர், பெரும்பாலும் அப்புள்ளியை இழக்கப்போகிறவரே. ‘விளிம்பில் பட்டது, புள்ளி உனக்கே’ என்று அவர் தாமே சொல்லும்பொழுதுதான் ஆட்டம் சண்டையின்றி நடைபெறும். பிள்ளை இதனைச் சொல்லப் பழகிவிட்டால், மட்டைக்குச் செலவிட்ட பணம் வீணன்று.

இது இளைஞருக்கு மட்டுமுரிய விளையாட்டென்று பெரியோர் ஒதுங்கிநிற்க வேண்டுவதில்லை. சென்னையைச் சேர்ந்த சரத் கமல் தம் தந்தையாரிடம் இளமையிலேயே பயின்றவர். 2006இல் காமன்வெல்த் விளையாட்டுகளில் ஒற்றையர் தங்கம் வென்ற அவர், 16 ஆண்டுகள் கழித்து, 2022இல், தம் 40ஆம் வயதில் அதனை மீண்டும் வென்றார். டோக்கியோ பாராலிம்பிக் போட்டிகளில், 2021இல், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே பவினா பட்டேல் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

மேசை வாங்க வசதியில்லாத வீட்டிலும், உணவு மேசையின் குறுக்கே புத்தகங்களை வரிசையாக நிறுத்தினால் வலை ஆயிற்று. பெற்றோரே, மாலையில் அரைமணி நேரம் நீங்களும் ஒரு மட்டையை எடுங்கள். மன்றத்திலிருந்து திரும்பும் பிள்ளையிடம் ‘வென்றாயா?’ என்று கேட்குமுன், ‘இன்று எத்தனை முறை தொடர்ந்து அடித்தீர்கள்?’ என்று கேளுங்கள். சுவரோரம் நிற்கும் பிள்ளையும் மறுநாள் மட்டையை எடுக்கும்.