பெயருக்கு ஓர் இனிஷியல்!

கணினியில் இசை அமைக்க 'பியூர் டேட்டா' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. 1990-களில் மில்லர் பக்கெட் உருவாக்கியது. நிரல் வரிகள் எழுத வேண்டாம். திரையில் பெட்டிகளை வைத்து, கோடு இழுத்து இணைத்தால் ஒலி வரும்.

பெட்டிகள் பெருகினால் கோடுகள் நூல்கண்டாய்ச் சிக்கிக்கொள்ளும். அதற்குத்தான் 'சென்ட்', 'ரிசீவ்' பெட்டிகள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், கோடே இல்லாமல் சேதி போய்ச் சேரும்.

ஆனால், ஜாக்கிரதை! திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் அந்தப் பெயர் பொது. இரண்டு கோப்பிலும் 'வால்யூம்' என்று வைத்திருந்தால், இங்கே கூட்டும்போது அங்கேயும் அலறும். ஹெட்போன் மாட்டியிருந்தால் காது பாவம்!

வகுப்பில் இரண்டு குமார் இருந்தால் இனிஷியல் சேர்ப்போம் இல்லையா? அதேதான். இரண்டு பெட்டியிலும் பெயருக்கு முன்னால் '$0-' சேருங்கள். கோப்புக்குக் கோப்பு தனி எண் தானாக ஒட்டிக்கொள்ளும். சேதி வாசல் தாண்டாது.