டிரைவரைக் கைது செய்தால் மட்டும் போதுமா?



தொப்பூர் கணவாயில் லாரி மோதிய மறுநாள் பேப்பரைப் பாருங்கள். "பிரேக் பிடிக்காமல் கட்டுப்பாட்டை இழந்த லாரி", "டிரைவர் மீது வழக்கு". அதோடு செய்தி முடிஞ்சுடும். பிரேக் ஏன் பிடிக்கலைன்னு கேட்க ஆள் இருக்காது.

2020 டிசம்பர் 12 அன்று அங்கே ஒரு லாரி பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதியது. 4 பேர் செத்தாங்க. 2024 ஜனவரி 24 அன்று மறுபடியும் லாரி மோதி, வண்டிகள் தீப்பிடித்து எரிந்தன. மறுபடியும் 4 உயிர். ரெண்டு முறையும் டிரைவர் வேறு, லாரி வேறு. இறக்கம் மட்டும் அதே இறக்கம்.

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி லோடோடு இறங்கும் லாரி கிலோமீட்டர் கணக்கில் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வரணும். டிரம் சூடேறும். லைனர் தேய்ஞ்சிருந்தா, ஓவர்லோடு இருந்தா, பிடிமானம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கடைசி வளைவுக்கு வரும்போது மிதிச்சாலும் நிக்காது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுறவங்களும் இருக்காங்க. அது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் டீசல் கணக்கையும் டெலிவரி நேரத்தையும் காட்டி டிரைவரை நெருக்குவது யார்? லைனர் மாத்தும் செலவைத் தள்ளிப் போடுவது யார்?

சட்டப்படி சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருஷா வருஷமும் எஃப்.சி. காட்டணும். அந்த ஒரு நாளுக்காக பெயிண்ட் அடிச்சு, நல்ல டயர் மாட்டிக் கொண்டுபோற கதை ஊருக்கே தெரியும். மீதி நாளெல்லாம் பிரேக்கைப் பார்ப்பது யார்?

சரி, சாலை போட்டவர்கள்? சாலை வடிவமைப்பு, பராமரிப்புக் குறையால் உயிர் போனால், மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவின் கீழ் அதற்குப் பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் அபராதம். அவ்வளவுதான், சிறை கிடையாது. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த டிரைவருக்கோ 5 ஆண்டுகள் வரை சிறை. ஒரே சாவுக்கு ரெண்டு நியாயம்!

2022இல் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று ஒன்றிய அரசே கணக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884. இத்தனை பேரையும் "டிரைவர் கவனக்குறைவு" என்ற ஒரே வரியில் புதைத்துவிட முடியுமா?

தொப்பூருக்கு உயர்மட்டச் சாலை வரும் என்கிறார்கள். வரட்டும், வரவேற்போம். ஆனால் அது கட்டி முடியும் வரை இறங்குற லாரிகள் காத்திருக்காது. அதனால் நாம் கேட்பது:

🔴 நீண்ட இறக்கம் தொடங்கும் முன்பே லாரிகளை நிறுத்தி பிரேக், டயர், எடை மூன்றையும் சோதிக்க வேண்டும். டிரைவர் இளைப்பாற இடமும் கழிப்பறையும் அங்கேயே வேண்டும்.

🔴 பிரேக் போன லாரி ஏறி நிற்க, சரளைக்கல் கொட்டிய மேட்டுப்பாதை இப்படிப்பட்ட இறக்கங்களில் எல்லாம் வேண்டும். பல நாடுகளில் மலைச்சாலைகளில் இது சாதாரண ஏற்பாடு.

🔴 உயிர்ப்பலி ஏற்படும் ஒவ்வொரு விபத்திலும் வண்டியின் பராமரிப்பையும் சாலை வடிவமைப்பையும் தனியாக விசாரித்து, அறிக்கையை மக்கள் முன் வைக்க வேண்டும்.

🔴 தேய்ந்த பிரேக்கோடு வண்டியை அனுப்பும் உரிமையாளரையும், குறையுள்ள சாலையைத் திருத்தாத ஒப்பந்ததாரரையும் வழக்கில் சேர்க்க வேண்டும்.

டோல் கட்டுறோம், சாலை வரி கட்டுறோம். பாதுகாப்பான சாலையைக் கேட்பது நம் உரிமை. உங்க ஊர்ப் பக்கம் அடிக்கடி விபத்து நடக்கும் இடம் எது? கமெண்டில் சொல்லுங்கள். ஒன்றாகச் சேர்ந்து மனு கொடுப்போம். பதில் வராவிட்டால் வீதியில் நின்று கேட்போம்.

#தொப்பூர் #சாலைப்பாதுகாப்பு