டிராம்போன் வாங்கும் முன்: கருவி யாருடையது?

ஏப்ரல் 14 வந்தால் நம் காலனிகளில் பேண்டு செட் இல்லாமல் ஊர்வலம் கிடையாது. மாகறல் தொடங்கி உத்திரமேரூர் வரை எந்த இளைஞர் மன்றத்தின் செலவுக் கணக்கைப் புரட்டினாலும் மைக் செட், மாலை, கொடி வரிசையில் பேண்டு வாடகையும் ஒரு பெரிய தொகையாக நிற்கும். “அந்தக் காசைச் சேர்த்து நாமே கருவி வாங்கிக் கற்றுக்கொண்டால் என்ன?” என்று தம்பி, தங்கைகள் இப்போது கேட்கிறார்கள். அதிலும் பலருக்கு டிராம்போன் மேல்தான் கண். குழலை முன்னும் பின்னும் இழுத்து வாசிக்கும் அந்தப் பித்தளைக் கருவி.

வாங்குங்கள் என்பதுதான் எங்கள் பதில். எதை வாங்குவது, எவ்வளவு காசுக்கு வாங்குவது என்பதையும் கீழே சொல்கிறோம். ஆனால் எந்தக் கடையின் விலைப்பட்டியலிலும் இல்லாத ஒரு கேள்வியை முதலில் பேசியாக வேண்டும். கருவி யாருடையது?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறி சொந்தமாக இருப்பவருக்கும் முதலாளி வீட்டுத் தறியில் கூலிக்கு உட்காருபவருக்கும் என்ன வித்தியாசம் என்று இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முன்பணம் வாங்கியவன் கூலியைப் பேச முடியாது, வேறு தறிக்குப் போகவும் முடியாது. முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தைகளையே பட்டுத் தறியில் உட்கார வைத்த கொடுமையை 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை பதிவு செய்தது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1976இல்.

பேண்டு செட்டிலும் இதே கதை உண்டு. நம் ஆட்களில் பலர் கையில் இருப்பது செட் முதலாளியின் கருவி. சீசனுக்கு முன்னால் கொஞ்சம் முன்பணம், பிறகு முதலாளி அழைக்கும் இடத்துக்கெல்லாம் ஓட்டம். இரவு முழுக்கச் சாவு வீட்டில் வாசித்தாலும், பேசிய தொகையில் கருவிக்கு ஒரு பங்கு, வண்டிக்கு ஒரு பங்கு என்று கழித்த பிறகுதான் மூச்சைக் கொடுத்து ஊதியவனுக்குக் கூலி. “இந்த வீட்டில் எங்களைத் திண்ணைக்குக்கூட விடமாட்டார்கள், வாசிக்க வரமாட்டோம்” என்று சொல்ல அவனால் முடியாது. கருவியைத் திருப்பி வாங்கிக்கொண்டால் அவன் கதை முடிந்தது. சொந்தக் கருவி வைத்திருப்பவனால் மட்டுமே ‘முடியாது’ என்ற சொல்லைச் சொல்ல முடியும். இந்தச் சொல்லுக்காகத்தான் வாங்கச் சொல்கிறோம்.

பறை இருக்க டிராம்போன் எதற்கு?

நம் தோழர்கள் சிலரே இதைக் கேட்கிறார்கள். பறையை விட்டுவிடச் சொல்லவில்லை. பறையிலும் எங்களுக்குச் சிக்கலாக இருந்தது தோலோ குச்சியோ இல்லை. ‘நீ அடித்துத்தான் ஆக வேண்டும்’ என்ற ஊர்க்கட்டளைதான் சிக்கல். ஒரு தலைமுறை அதை அடிக்க மறுத்துப் போராடியது. இன்னொரு தலைமுறை அதையே எடுத்து மேடையில் முழக்கியது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தது. மறுத்தவர்களும் சரி, முழக்கியவர்களும் சரி, தங்கள் விருப்பத்தைத் தாங்களே முடிவு செய்தார்கள். டிராம்போனுக்கும் அதே அளவுகோல்தான். கட்டாயத்தின் பேரில் இலவசமாக வேலை வாங்குவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். எந்தக் கருவியாக இருந்தாலும் இது பொருந்தும்.

‘மேல்நாட்டுக் கருவி நமக்கு எதற்கு’ என்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவில் கரும்புத் தோட்டத்தில் 1886இல் பிறந்த கிட் ஓரி, நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் டிராம்போனை இழுத்து வாசித்த விதம் ஜாஸ் இசைக்கே ஓர் இலக்கணம் ஆனது. அந்த ஊரில் பேண்டு இல்லாமல் கறுப்பின மக்களின் பெரிய சாவு ஊர்வலம் இல்லை. ‘யுனைடெட் ஹவுஸ் ஆஃப் பிரேயர்’ என்ற கறுப்பினத் திருச்சபையில் டிராம்போன்கள் கூட்டமாகச் சேர்ந்து முழங்கும் மரபு உண்டு. தங்கைகளுக்கு ஒரு பெயர்: மெல்பா லிஸ்டன். 1926இல் பிறந்து, ஏழு வயதில் டிராம்போனைக் கையில் எடுத்து, ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த பெரிய ஜாஸ் குழுக்களில் வாசிப்பவராகவும் இசை அமைத்துக் கொடுப்பவராகவும் நின்ற கறுப்பினப் பெண்.

ஏன் டிராம்போன்? அதில் ஸ்வரங்களுக்குப் பொத்தான் கிடையாது. ஸ்லைடை இழுக்கும் தூரம்தான் ஸ்வரம். ஆகவே இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கிப் போகலாம், மனிதக் குரல் தழுதழுப்பதுபோல. நம் வீட்டு அம்மாக்கள், ஆயாக்கள் வைக்கும் ஒப்பாரியைப் பித்தளையில் ஊத வேண்டும் என்றால் அதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி குறைவு.

எந்த நிலைக்கு எது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வால்வு டிராம்போன் என்று ஒன்றும் கடைகளில் இருக்கிறது. டிரம்பெட்போல மூன்று வால்வு அழுத்தி வாசிப்பது. டிரம்பெட், யூஃபோனியம் தெரிந்தவர் உடனே வாசித்துவிடலாம். நெரிசலான தெருவில் முன்னால் போகிறவர் முதுகில் இடிக்காது. ஆனால் அந்த வழுக்கல் அதில் வராது. புதிதாகக் கற்பவர் ஸ்லைடு டிராம்போனே வாங்குங்கள்.

தொடக்க நிலை. சாதாரண டெனார் டிராம்போன் போதும். குழலை நீட்டி அளந்தால் ஏறக்குறைய 2.7 மீட்டர், ஸ்லைடில் ஏழு நிலைகள். குழலின் உள்விட்டம் 12.7 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். குறுகிய குழலை நிரப்பக் குறைந்த மூச்சு போதும், ஒலியும் பளிச்சென்று வரும், தெருவுக்கு அதுதான் சரி. விலையைப் பொறுத்து இதில் மூன்று வழிகள். உத்தரப் பிரதேசத்து மீரட்டில் ஜாலி கோடி பகுதி பேண்டு கருவிகளுக்குப் பேர்போனது. அங்குள்ள நாதிர் அலி நிறுவனம் 1885இல் தொடங்கியது. உள்நாட்டுக் கருவி பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கே கிடைக்கும். ஆனால் கருவிக்குக் கருவி தரம் மாறும், சோதிக்காமல் வாங்கக் கூடாது. இரண்டாவது, பி-போன் எனப்படும் பிளாஸ்டிக் டிராம்போன். எடை சுமார் 800 கிராம். கீழே போட்டாலும் எளிதில் நசுங்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது. மூன்றாவது, யமஹா ஒய்எஸ்எல்-354 போன்ற மாணவர் கருவி. அரை லட்சத்துக்கு மேல் ஆகும், ஆனால் பல ஆண்டு உழைக்கும், விற்றாலும் விலை போகும். ஒரு மன்றம் சேர்ந்து வாங்குவதென்றால், மோசமான மூன்று கருவிக்குப் பதில் இப்படி ஒன்றை வாங்கி முறை வைத்துக் கற்பது மேல்.

இடைநிலை. இரண்டு, மூன்று ஆண்டு வாசித்து, மூச்சும் காதும் பழகிய பிறகு எஃப் அட்டாச்மெண்ட் உள்ள கருவியைப் பாருங்கள். இடது கட்டைவிரலால் அழுத்தும் ஒரு வால்வு அது. ஆறாவது நிலைவரை கையை நீட்டி வாசிக்க வேண்டிய சில கீழ் ஸ்வரங்கள் முதல் நிலையிலேயே கிடைக்கும். கை எட்டாதவர்களுக்குப் பெரிய உதவி. அதற்கேற்ப எடையும் விலையும் ஏறும்.

தொழில்முறை நிலை. பாக் 42பி, கான் 88ஹெச் போன்றவை. உள்விட்டம் 13.9 மில்லிமீட்டர், விலை சில லட்சம். ஆர்க்கெஸ்ட்ராவுக்கான கருவிகள் இவை. தெரு ஊர்வலத்துக்கு இவை வேண்டாம். ‘நாங்களும் பெரிய கருவி வைத்திருக்கிறோம்’ என்று காட்டுவதற்காகக் கடன்பட்டு வாங்காதீர்கள். அந்தக் கடன் முன்பணத்தின் இன்னொரு முகமாகிவிடும்.

கடையில் சோதிக்க வேண்டியவை

டிராம்போனின் உயிர் ஸ்லைடில் இருக்கிறது. கருவியைச் செங்குத்தாகப் பிடித்து, பூட்டைத் திறந்து, ஸ்லைடு தன் எடையிலேயே தடையின்றி இறங்குகிறதா பாருங்கள். கீழே ஒரு கை தயாராக இருக்கட்டும், விட்டால் தரையில் விழும். பாதியில் சிக்கினால் வேண்டாம். அடுத்து, ஸ்லைடுப் பகுதியைப் பெல்லிலிருந்து கழற்றி, மவுத்பீஸ் செருகும் துளையையும் மறுமுனைத் துளையையும் விரலால் அடைத்துக்கொண்டு ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள். உள்ளே இழுபடுவதுபோல இருந்தால் காற்றுக் கசிவு இல்லை. வெளிக்குழலில் சின்ன டொக்கு இருந்தாலும் தடை வரும். பெல்லில் டொக்கு இருந்தால் அவ்வளவு கவலை இல்லை, அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பழைய கருவி என்றால் உட்குழலின் முலாம் தேய்ந்திருக்கிறதா, பித்தளையில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். துத்தநாகம் கரைந்து வெளியேறிய பித்தளை அப்படிச் சிவக்கும். அந்தக் குழல் உள்ளிருந்தே அரிபடுகிறது என்று பொருள். போனில் ஒரு டியூனர் செயலியைப் போட்டு, வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப்போய், முதல் நிலையில் வரும் ஸ்வரங்கள் சுருதியில் நிற்கின்றனவா என்று கேளுங்கள். கருவியே சுருதி சேராமல் இருந்தால், கற்கிற பிள்ளை ‘எனக்கு வராது’ என்று தன்னையே நொந்துகொள்ளும். நம் பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்திலேயே போதுமான அளவு கேட்டுவிட்டார்கள்.

மவுத்பீஸ் ஆளுக்கொன்று. கருவியைப் பகிரலாம், மவுத்பீஸைப் பகிரக் கூடாது. அதன் காம்பு சிறியது, பெரியது என இரண்டு அளவில் வரும். உங்கள் கருவிக்கு எது என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: குத்துவிளக்கைப்போலப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, மேல்பூச்சு போய்விடும். ஸ்லைடுக்குத் தேங்காய் எண்ணெய் கூடாது, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். அதற்கென்று விற்கும் ஸ்லைடு கிரீமும் ஒரு தண்ணீர் ஸ்பிரேயும் போதும். ஊர்வலம் முடிந்த அன்றே வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அலசுங்கள்.

காசும் கல்வியும்

தொழிலாகச் செய்ய ஒரு குழு முன்வந்தால், தாட்கோ வழியாக ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான முதலமைச்சரின் திட்டம் இருக்கிறது. 35 விழுக்காடு மானியம், உச்சம் 3.5 லட்சம். விண்ணப்பித்துப் பாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அரசிடம் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. இத்தகைய பள்ளிகளின் மூன்றாண்டுப் படிப்பில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள். சேரிப் பிள்ளைகள் தலைமுறையாகத் தெருவில் ஊதிவரும் பித்தளைக் கருவி ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. மாகறலீஸ்வரர் கோயிலைத் திருஞானசம்பந்தர் பாடினார் என்பதால் தேவாரம் பாடமாக இருக்கட்டும், எங்களுக்கு மறுப்பில்லை. அதே வரிப்பணத்தில் பேண்டு கருவிக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். இந்திய விமானப்படையின் இசைக்கலைஞர் தேர்வுக்கான கருவிப் பட்டியலில் டிராம்போன் இருக்கிறது. நான்காண்டு அக்னிவீர் முறை மீது நமக்கு விமர்சனம் உண்டு. ஆனாலும் அந்த வாசலுக்குப் போக இசைக்குறியீடு படிக்கத் தெரிய வேண்டும். நம் அண்ணன்கள் காதால் கேட்டே நூறு பாட்டு வாசிப்பார்கள், ஒரு தாளைப் படிக்க யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. திறமையில் குறை வைக்காதவர்களை வாசலிலேயே நிறுத்த இந்த ஒரு குறை போதுமானதாக இருக்கிறது. மன்றங்களில் டிராம்போனோடு சேர்த்து இசைக்குறியீட்டையும் கற்றுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தோழர்களே, கருவி வாங்கும் அன்றே ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்குங்கள். கருவி மன்றத்தின் சொத்து என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். யார் எத்தனை நாள் வைத்திருந்தார், எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு வந்தது, வாசித்தவருக்கு எவ்வளவு போனது, பழுது பார்க்க எவ்வளவு ஒதுக்கினோம் என எல்லாமே அதில் இருக்கட்டும். இல்லையென்றால் நாளைக்கு நம்மிலேயே ஒருவர் முதலாளி ஆகிவிடுவார், இன்னொருவர் அவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு நிற்பார். கணக்கு நோட்டு தங்கைகளில் ஒருவர் கையில் இருக்கட்டும். டிராம்போனும்தான்.

ஜெய்பீம்!